கல்லின் குறையும் சொல்லின் குறையும்

கல்லுக்குக் குறை உண்டா? மலையில் கிடக்கும்வரை எந்தக் கல்லும் குறையுள்ள கல் என்று பெயர் வாங்குவதில்லை. வெட்டப்பட்டு, அறுக்கப்பட்டு, விலை குறிக்கப்பட்டு ஒருவருடைய வீட்டு வாசலில் வந்து இறங்கிய பின்னரே அதில் ஓட்டை இருக்கிறது, கோடு ஓடுகிறது, நிறம் ஒத்துவரவில்லை என்ற பேச்சு எழுகிறது. கல் மாறவில்லை, விற்பவர், வாங்குபவர் என்னும் இருவர் நடுவே அது வந்துவிட்டது. எனவே கல்லின் குறையைப் பற்றிய கேள்வியில் மண்ணியலுக்கு ஒரு பங்கும் மனச்சான்றுக்கு ஒரு பங்கும் உண்டு. இரண்டாம் பங்கைப் பற்றியே இங்கு எண்ணிப் பார்க்க விழைகிறேன். அதற்கு ஒரு சிறிய இடத்தைத் தேர்ந்துகொள்கிறேன்: வீட்டின் பின்புறத்தில் உள்ள நீச்சல்குளம்.

நம் வாசகருள் பெரும்பாலோர் வீட்டில் அத்தகைய குளம் இராது. வசதி படைத்தோரின் கவலை நமக்கு எதற்கு என்று ஒதுக்கத் தோன்றலாம். ஆனால் அமெரிக்காவின் ஃபுளோரிடா, டெக்சாஸ், அரிசோனா, கலிஃபோர்னியா போன்ற வெயில் மிகுந்த மாநிலங்களில் அது நடுத்தரக் குடும்பங்களின் வீடுகளிலும் காணப்படுவதுதான். கட்டிப் பல ஆண்டுகள் ஆனதும் குளத்தின் உட்பூச்சு பொரிந்து பெயர்கிறது. விளிம்பின் கான்கிரீட்டு வெடிக்கிறது. அப்போது குடும்பத்தார் சேமிப்பை எடுத்தோ, கடன் வாங்கியோ குளத்தைப் புதுப்பிக்கிறார்கள். பழைய விளிம்பை உடைத்தெறிந்துவிட்டு இயற்கைக் கல் பதிக்க வேண்டும் என்பது பலருடைய ஆசை. கடையில் உள்ளங்கை அகலத்தில் ஒரு மாதிரித் துண்டைக் காட்டுகிறார்கள். அது தேன் கலந்த பால்போல் இருக்கிறது. பிடித்துப்போகிறது. சில வாரங்கள் கழித்து மரச்சட்டங்களில் அடுக்கிய கல் வந்து இறங்குகிறது. கட்டைப் பிரித்தால் ஒன்றில் விரல் நுழையும் துளை. ஒன்றில் செம்மண் நிறப் பட்டை. ஒன்றில் மயிரிழைபோல் ஒரு கோடு. வீட்டுக்காரர் கடைக்காரரை அழைத்துக் கேட்கிறார். மறுமொழி ஒரே சொற்றொடரில் வந்துவிடுகிறது: “ஐயா, இது இயற்கைக் கல்.”

இந்த மறுமொழி உண்மையா, பொய்யா? உண்மைதான். போதுமானதா? அதுவே நம் வினா.

முதலில் கல்லின் பக்கம் நின்று பேசுவோம். குளக்கரைகளில் இன்று மிகுதியாகப் பதிக்கப்படும் கற்களுள் ஒன்று டிராவர்டைன். இத்தாலி நாட்டில் உரோமை நகருக்கு அருகிலுள்ள திவோலியின் பழம்பெயரிலிருந்தே அதற்கு இப்பெயர் வந்தது. இன்று உலகச் சந்தைக்கு வருவதில் பெரும் பங்கு துருக்கி நாட்டின் தெனிஸ்லிப் பகுதியைச் சேர்ந்தது. பாமுக்கலேயின் வெண்படிக்கட்டுக் குளங்களைப் படத்தில் கண்டவர்களுக்கு அக்கல் உருவாகும் விதம் எளிதில் விளங்கும். நிலத்தடியிலிருந்து சுண்ணாம்பைக் கரைத்துக்கொண்டு வெளிவரும் ஊற்றுநீர் காற்றைத் தொட்டதும், அதிலிருந்த கரியமில வாயு பிரிந்து போகிறது. கரைந்திருந்த சுண்ணாம்பு படிகிறது. படியும்போதே குமிழிகள் சிறைப்படுகின்றன. பாசியும் நாணலும் இலையும் சிக்கி மூடப்படுகின்றன. அவை மக்கிப்போன இடத்தில் துளை எஞ்சுகிறது. இரும்பு கலந்த நீர் வந்த பருவத்தில் செம்பட்டை விழுகிறது. ஆகவே துளை என்பது டிராவர்டைனுக்குப் பின்னர் வந்து சேர்ந்த கேடு அன்று. துளையின்றி அக்கல் பிறப்பதே அரிது. கொலோசியத்தின் வெளிச்சுவரும், புனித பேதுரு பெருங்கோவில் வளாகத்தில் பெர்னினி எழுப்பிய 284 தூண்களும் இக்கல்லால் ஆனவை. அங்கே சென்று நின்ற திருப்பயணிகள் தூண்களில் உள்ள துளைகளைக் கண்டு குறை சொன்னதாக யாரும் கேள்விப்பட்டதில்லை.

அதே துளை குளத்தின் விளிம்புக்கு வரும்போது கதை மாறுகிறது. அங்கே மனிதர் வெறுங்காலோடு நடக்கிறார்கள். நீரிலிருந்து ஏறும் குழந்தை தன் எடை முழுவதையும் உள்ளங்கையில் தாங்கி விளிம்பைப் பற்றுகிறது. கூரிய வாயுள்ள துளை அங்கே கையைக் கிழிக்கும். ஆனால் ஓரம் மழுக்கப்பட்ட சிறு துளைகளோ ஈரக் காலுக்குப் பிடிமானம் தருகின்றன. மெருகேற்றிய வழவழப்பான கல்லைவிட அவையே அங்குப் பாதுகாப்பானவை. துளைகளைச் சிமெண்டாலோ ரெசினாலோ நிரப்பி மெருகிட்ட கல் வீட்டுக்குள் அழகுதான். பனி உறையும் ஊரில் வெளியே பதித்தால் அந்த நிரப்பு சில குளிர்காலங்களில் பெயர்ந்து வந்துவிடும். குறையற்றது போல் தோன்றியதே குறையாகிறது. குறைபோல் தோன்றியது பயனாகிறது. அப்படியானால் குறை என்பது கல்லில் மட்டும் குடியிருப்பதன்று. கல், அது வைக்கப்படும் இடம், அதைத் தொடும் உடல் ஆகிய மூன்றும் சேரும்போதுதான் அது தோன்றுகிறது.

இன்னொரு எடுத்துக்காட்டு இதைத் தெளிவாக்கும். இப்போது பல வீடுகளில் குளோரினை நேரடியாக இடுவதில்லை. நீரில் உப்பைக் கரைத்து, ஒரு கருவியின் வழியாக மின்சாரம் பாய்ச்சிக் குளோரினை உண்டாக்குகிறார்கள். கடல்நீரின் உப்பில் பத்தில் ஒரு பங்குகூட அதில் இல்லை. நாக்கில் வைத்தால் லேசாகத்தான் கரிக்கும். ஆயினும் விளிம்பின்மேல் தெறித்த நீர் வெயிலில் உலர, உலர, மென்மையான மணற்கல்லின் நுண்துளைகளில் உப்புப் படிகம் வளர்கிறது. வளரும் படிகம் கல்லின் மணிகளை உள்ளிருந்து தள்ளுகிறது. மேற்பரப்பு செதில் செதிலாக உரிகிறது. கடலோரத்துப் பழங்கட்டடங்கள் அரிக்கப்படுவதும் இதே வழியில்தான். தோட்டத்து நடைபாதையில் தலைமுறைக் கணக்கில் உழைத்திருக்கக்கூடிய நல்ல கல், உப்புக் குளத்தின் ஓரத்தில் சில ஆண்டுகளில் பொடிந்துபோகலாம். அந்தக் கல் கெட்ட கல்லா? இல்லை. அதை அங்கே விற்றவர் தவறு செய்தாரா? அவர் எதை அறிந்திருந்தார், எதைச் சொன்னார் என்பதைப் பொறுத்தது அது.

இங்கேதான் பழைய அறநெறியாளர் நமக்குத் துணைவருகிறார்கள். கி.மு. 44இல் சிசேரோ தம் மகனுக்காக எழுதிய கடமைகள் பற்றிய நூலில், பாபிலோன் ஊர் தியோஜெனெஸ், அவருடைய மாணவர் அந்திப்பாத்தர் என்னும் இரு ஸ்தோயிக்கு அறிஞரை எதிரெதிரே நிறுத்துகிறார். வீட்டில் நச்சுயிர்கள் உண்டு, மரம் உளுத்திருக்கிறது என்று உரிமையாளருக்கு மட்டுமே தெரியும். வாங்க வந்தவருக்கு அவர் அதைச் சொல்லத்தான் வேண்டுமா? சட்டம் கேட்பதைச் சொன்னால் போதும், பேசாமல் இருப்பது வேறு, மறைப்பது வேறு என்கிறார் தியோஜெனெஸ். வழிதவறியவனுக்கு வழிகாட்டாமல் விடுவதைவிடக் கொடியது இது, தெரிந்தே ஒருவனைத் தவற்றில் தள்ளுவது என்கிறார் அந்திப்பாத்தர். சிசேரோவின் தீர்ப்பு மாணவர் பக்கமே சாய்கிறது. என் மனமும் அப்பக்கமே. ஆயினும் தியோஜெனெஸின் வாதத்தை எள்ளி நகையாட நான் ஒருப்படேன். எல்லாவற்றையும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்றால் எந்தச் சந்தையும் ஒரு நாள்கூட நடவாது என்பதை அறிந்தவர் அவர்.

13ஆம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் இதே வினாவை எடுத்து, இருவரையும்விட நுட்பமாக அறுத்துக் காட்டினார். விற்பவர் பொருளின் குறையைச் சொல்லக் கடமைப்பட்டவரா? குறை மறைவானதாக இருந்து, அது வாங்குபவருக்கு இழப்பையோ இடரையோ விளைவிக்குமானால் சொல்லியே ஆக வேண்டும். விரைந்தோடும் குதிரை என்று நொண்டிக் குதிரையைக் கொடுப்பதும், உறுதியான வீடு என்று சரியப்போகும் வீட்டைக் கொடுப்பதும் அவர் காட்டும் எடுத்துக்காட்டுகள். குறை வெளிப்படையானதாக இருந்தால், ஒற்றைக்கண் குதிரையைப்போல, அதற்குத் தக விலையைக் குறைத்திருந்தால் வாய் திறந்து சொல்லத் தேவையில்லை. அதற்கு அவர் தரும் காரணம் உலகியல் அறிந்தவருடையது. சொல்லிவிட்டால், வாங்குபவர் அக்குறையையே சாக்காக வைத்து நியாயத்துக்கு மேல் விலையைக் குறைக்கப் பார்க்கலாம். துறவி மடத்துள் இருந்துகொண்டே சந்தையை இவ்வளவு துல்லியமாகக் கண்டிருப்பது வியப்பளிக்கிறது. விற்பவருக்குப் பயன்படாத பொருள் இன்னொருவருக்குப் பயன்படலாம் என்பதையும் அவர் மறக்கவில்லை. நம் உப்புக்குளத்து மணற்கல்லுக்கு இக்கருத்து எவ்வளவு பொருந்துகிறது!

இந்த அளவுகோலை மரச்சட்டங்களில் வந்து இறங்கிய கல்லின்மீது வைத்துப் பாருங்கள். நிற வேறுபாடு வெளிப்படையானது. ஒற்றைக்கண் குதிரையைப்போலப் பார்த்ததும் தெரிவது. ஆனால் எப்போது? கட்டைப் பிரித்த பின்னர். கடையில் காட்டப்பட்ட உள்ளங்கை அகலத் துண்டில் அது தெரியவில்லை. ஒரு மலையின் வேறுபாடு முழுவதையும் ஒரு துண்டு எவ்வாறு சொல்லும்? மாதிரித் துண்டும் ஒரு சொல்தான். சொல்லாமல் சொல்லும் வாக்குறுதிதான். ‘இயற்கை வேறுபாடுகளுக்கு நாங்கள் பொறுப்பல்ல’ என்று ஒப்பந்தத்தின் அடியில் எறும்பு எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். அதைச் சொன்னதாக எடுத்துக்கொள்ளலாமா? சட்டம் எடுத்துக்கொள்ளக்கூடும். வாங்குபவரின் கண்ணுக்கும் மனத்துக்கும் எட்டுமாறு சொல்வதே சொல்வது என்று நான் கருதுகிறேன். ஐந்தாறு பலகைகளைத் தரையில் பரப்பி, “இதில் மிக வெளிர்ந்தது இது, மிகக் கறுத்தது இது, பெருந்துளை இவ்வளவு வரும்” என்று காட்டும் கடைக்காரர் எறும்பு எழுத்தின்றியே தம் கடமையை முடித்துவிடுகிறார்.

மயிரிழைக் கோட்டின் செய்தி வேறு. கல் தொழிலில் இரண்டைப் பிரித்துப் பேசுவார்கள். மலை உருவானபோதே நேர்ந்து, கனிமத்தால் மீண்டும் இறுகிப்போன இழை ஒன்று. அறுக்கும்போதோ ஏற்றி இறக்கும்போதோ விழுந்த விரிசல் மற்றொன்று. முன்னது கல்லின் வரலாறு. பின்னது ஒருவருடைய கவனக்குறைவு. நிழற்படத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். கொத்தனார் ஒருவர் இவற்றைப் பிரித்தறிய ஒரு வாளித் தண்ணீர் போதும். கல்லை நனைத்து உலரவிட்டால், சுற்றிலும் காய்ந்த பிறகும் விரிசல் மட்டும் ஈரக்கோடாகக் கறுத்து நிற்கும். விரல் மடக்கித் தட்டினால் முழுக்கல் கணீரென்னும். உடைந்த கல் மொத்தென்னும். இந்தச் சோதனையைச் செய்யக்கூடியவர், செய்யாமல், இரண்டுக்கும் சேர்த்து ‘இயற்கை’ என்று ஒரே பெயர் சூட்டுவாரானால், அந்த இடத்தில்தான் சொல் கெடுகிறது. மனிதர் கைப்பிழையைப் படைப்பின் கணக்கில் எழுதுவது அது. இறைவன் படைத்த மலைக்கு எதிராகச் சொல்லப்பட்ட பொய்ச்சான்று என்றுகூடச் சொல்லத் தோன்றுகிறது. சற்று மிகையாயினும் பொறுத்தருள்க.

மறைப்பதற்கான கலைகளும் உண்டு. இந்த இடத்தில் மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் ஒரு செய்தியைத் திருத்திக்கொள்வது நல்லது. ஆங்கிலத்தில் ‘சின்சியர்’ என்னும் சொல், பளிங்கின் குறையை மெழுகால் அடைத்து விற்ற சிற்பிகளிடமிருந்து பிறந்தது, ‘மெழுகின்றி’ என்பதே அதன் பொருள் என்பார்கள். கேட்க இனிமையான கதை. சொற்பிறப்பு நூலார் அதனை ஏற்பதில்லை. வாய்மையைப் பற்றிப் பேசவந்து பொய்க்கதையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் கதை பொய்யானாலும் வழக்கம் மெய். இன்றைக்கும் சாம்பல் நிறக் கருங்கல்லை எண்ணெயும் சாயமும் ஏற்றிக் கரும்பளிங்குபோல் ஆக்கி விற்போர் இருக்கிறார்கள். நகப்பூச்சை அகற்றும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்துத் தேய்த்தால் கறுப்பு துணிக்கு வந்துவிடும். வெயிலும் குளத்து நீரும் அந்தச் சோதனையைத் தாமாகவே செய்து முடிக்கும். அதற்குள் ஒப்பந்தக் காலம் கடந்திருக்கும்.

பெயரிலும் சாயம் ஏற்றுவார்கள். ‘காஷ்மீர் வெள்ளை’ என்ற பெயரில் உலகெங்கும் விற்கப்படும் கல்லைக் காஷ்மீரத்தில் தேடினால் கிடைக்காது. அது நம் மதுரைப் பக்கத்துப் பாறை. வெண்ணிறத்தில் செம்புள்ளிகளாகத் தெரிபவை கார்னெட் மணிகள். பனிமலையின் பெயரைச் சூட்டிக்கொண்டு அது கடல் கடக்கிறது. இதனால் யாருக்கும் கை கிழிவதில்லை, வணிகப் பெயர்தானே என்று சொல்லலாம். நானும் இதைப் பெருங்குற்றம் என்று சொல்ல வரவில்லை. பெயரளவில் பழகிய நாக்கு நாளை தன்மையளவிலும் பழகும் என்ற அச்சம் மட்டும் எனக்கு உண்டு.

இதுவரை, அறிந்தும் சொல்லாதவரைப் பற்றிப் பேசினோம். யாருமே அறியாத குறையை என்செய்வது?

சிகாகோ நகரில் 1973இல் எழுந்து முடிந்த 83 மாடிக் கட்டடம் ஒன்று தலை முதல் கால் வரை இத்தாலியக் கர்ராராப் பளிங்கால் போர்த்தப்பட்டது. மாசு மறுவற்ற வெண்பளிங்கு, மெல்லிய பலகைகள். சில ஆண்டுகளில் அவை கிண்ணம்போல் வளையத் தொடங்கின. பளிங்கின் கால்சைட்டு மணிகள் வெப்பத்தில் ஒரு திசையில் விரிந்து மறுதிசையில் சுருங்குபவை; கோடையும் குளிரும் மாறி மாறி வர, மணிகளின் பிடி தளர்ந்துபோகிறது. வலிமை குறைந்த பலகைகள் கீழே விழுந்தால் தெருவில் நடப்போரின் உயிர் என்னாவது? 1990 முதல் 1992 வரை சுமார் 43,000 பலகைகளைக் கழற்றி எறிந்து கருங்கல் பதித்தார்கள். கண்ணுக்குத் தெரிந்த குறை ஒன்றுகூட இல்லாத கல் அது. துளையும் கறையும் நிறைந்த டிராவர்டைனோ இரண்டாயிரம் ஆண்டு நின்றிருக்கிறது. கண்ணைக் கவரும் தூய்மையை உறுதிக்குச் சான்றாகக் கொள்பவர்கள் இக்கட்டடத்தை நினைத்துப் பார்க்கலாம்.

குறையை அறியாமல் விற்றவரிடம் பாவம் இல்லை என்கிறார் அக்குவினாஸ். ஆனால் அதோடு அவர் நிறுத்துவதில்லை. குறை தெரியவந்த பின்னர் வாங்கியவருக்கு ஈடு செய்ய அவர் கடமைப்பட்டவர். ‘எனக்குத் தெரியாது’ என்பது குற்றத்திலிருந்து விடுவிக்கும், பொறுப்பிலிருந்து விடுவிக்காது. குளக்கரை வழக்குகள் பலவற்றில் இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதாலேயே பகை முற்றுகிறது. வீட்டுக்காரர், “என்னை ஏமாற்றிவிட்டீர்” என்கிறார். ஏமாற்றாத கடைக்காரர் அப்பழியால் புண்பட்டு, தாம் செய்திருக்கக்கூடிய ஈட்டையும் செய்ய மறுக்கிறார். இரு பக்கமும் வழக்கறிஞர் வருகிறார்கள். மூன்று பலகைகளை மாற்றித் தந்திருந்தால் முடிந்திருக்கும்.

மைக்கலாஞ்சலோவுக்கும் இப்படி ஒன்று நேர்ந்தது. 1514இல் உரோமைப் பிரபு மெத்தெல்லோ வாரி என்பவரும் அவருடைய கூட்டாளிகளும், சிலுவையைத் தாங்கி நிற்கும் உயிர்த்த ஆண்டவரின் சிலையைச் செய்து தர அவரோடு ஒப்பந்தம் செய்தார்கள். பணி பெரிதும் முன்னேறிய நிலையில், ஆண்டவரின் முகத்திலேயே பளிங்கினுள்ளிருந்து ஒரு கருங்கோடு வெளிப்பட்டது. உளி அங்கே சென்று சேரும்வரை எந்தக் கண்ணும் அதைக் கண்டிருக்க இயலாது. அவர் கல்லின்மீது பழி போட்டுப் பணியை முடித்துத் தரவில்லை, மாவால் மூடவுமில்லை. அச்சிலையைக் கைவிட்டு, வேறு கல்லில் மீண்டும் தொடங்கினார். அந்த இரண்டாம் சிலையே 1521 முதல் உரோமையின் மினர்வா அன்னை ஆலயத்தில் நிற்கிறது. இது வரைக்கும் கடமையின் கதை. அதன்பின் நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. கோடு விழுந்த முதல் சிலையையும் வாரி விரும்பிக் கேட்டு வாங்கித் தம் வீட்டு முற்றத்தில் நிறுத்திக்கொண்டார். ஆலயத்துக்கு ஆகாது என்று விலக்கப்பட்டது, உண்மை தெரிந்த ஒருவரின் கொல்லையில் இடம் பெற்றது. பின்னர் வேறொரு கை அதை முடித்தது. நெடுங்காலம் யாரென்று அறியப்படாமல் கிடந்து, கடந்த நூற்றாண்டின் இறுதியில்தான் பஸ்ஸானோ ரோமானோ என்னும் சிற்றூர் மடத்தில் அது இன்னதென்று இனங்காணப்பட்டது. முகத்தில் அந்தக் கருங்கோடு இன்றும் இருக்கிறது.

குறையுள்ளதையும் ஏற்றுக்கொள் என்று போதிப்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. அந்தப் போதனை கடைக்காரர் வாயில் மிக எளிதாக வந்துவிடும். கட்டுவோர் விலக்கிய கல் என்னும் விவிலியச் சொல்லையே விற்பனை உத்தியாக்கவும் சிலர் தயங்கமாட்டார்கள். வாரி ஏற்றுக்கொண்டது தெரிந்து ஏற்றுக்கொண்டது. அதுவும் தமக்குச் சேரவேண்டிய நல்ல சிலை தம் பெயரில் ஆலயத்துக்குச் சேர்ந்த பின்னர். தாழ்ச்சி என்னும் நற்பண்பைப் பிறர்மீது திணித்து அதில் இலாபம் காண்பது அறமாகாது.

விவிலியத்தின் சட்ட நூல்களில் இவ்வகையில் சிந்திக்கத்தக்க இரண்டு கட்டளைகள் உள்ளன. லேவியர் நூல், பலியாகக் கொண்டுவரும் விலங்கு பழுதற்றதாக இருக்க வேண்டும் என்கிறது. குருடும் முடமும் ஆகா. விடுதலைப் பயண நூலோ, கல்லால் பீடம் கட்டினால் செதுக்கிய கற்களால் கட்டாதே, உளி பட்டால் அது தீட்டுப்படும் என்கிறது. விலங்கில் பழுதின்மையைக் கேட்ட அதே சட்டம் கல்லில் கரடுமுரடைக் கேட்கிறது. ஏன் இந்த வேறுபாடு? விளக்கவுரைகள் பல. எனக்குத் தோன்றுவது இது: பழுதுள்ள விலங்கைக் கொண்டுவருபவன் தனக்கு நல்லதை ஒதுக்கிக்கொண்டு கடவுளை ஏய்க்கப் பார்க்கிறான்; செதுக்காத கல்லைக் கொண்டுவருபவன் யாரையும் ஏய்க்கவில்லை. சட்டம் பொருளைப் பார்ப்பது போலத் தோன்றினாலும், கொண்டுவருபவனின் கையையே பார்க்கிறது.

இனி வாங்குபவரின் பக்கத்தையும் சொல்ல வேண்டும். விற்பவரை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டு அமர்வது நேர்மையாகாது. கல்லில் ஒரு புள்ளிகூடக் கூடாது, எல்லாப் பலகையும் ஒரே நிறமாக வேண்டும் என்று கேட்பவர், மலையிடம் தொழிற்சாலையைக் கேட்கிறார். அவர் கேட்பதைத் தரத் தொழிற்சாலைகள் முன்வந்துவிட்டன. பீங்கான் பலகையில் டிராவர்டைனின் துளையையும் பட்டையையும் படமாக அச்சிட்டு விற்கிறார்கள். சில பலகைகளுக்கு ஒருமுறை அதே துளை, அதே இடத்தில் மீண்டும் வரும். அது தீங்கற்ற வேடிக்கை. உப்புக்குளத்துக்கு உண்மையிலேயே ஏற்றதும்கூட. படிகக் கல்லைப் பொடித்துப் பிசினில் குழைத்துச் செய்யும் செயற்கைக் கல்லின் கதை அவ்வளவு தீங்கற்றதன்று. வெயிலில் பிசின் மஞ்சளாகிவிடும் என்பதால் குளக்கரைக்கு அது வருவதில்லை. ஆனால் குளத்தைப் புதுப்பிக்கும் அதே வீட்டில், அதே ஆண்டில், சமையலறை மேடையாக அதுவே பதிக்கப்படுகிறது. கறையில்லை, கோடில்லை, மாதிரித் துண்டுக்கும் முழுப் பலகைக்கும் இம்மியும் வேறுபாடில்லை. அதில் சிலிக்கா நூற்றுக்குத் தொண்ணூறுக்கும் மேல் இருப்பதுண்டு. அதை அறுக்கும்போது எழும் நுண்தூசி நுரையீரலில் தங்கி வடுவாகிறது, வடு மாறுவதில்லை. கலிஃபோர்னியாவில் இத்தொழிலில் ஈடுபட்ட இளைஞர் பலர், பெரும்பாலும் மெக்சிக்கோ முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்கள், முப்பதுகளிலும் நாற்பதுகளிலும் மூச்சுத் திணறி வீழ்ந்தார்கள். 2023 டிசம்பரில் அம்மாநிலம் அவசர விதிகளைக் கொண்டுவந்தது. ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் நாளிலிருந்து அந்தக் கல்லையே தடைசெய்தது.

குறையற்ற மேடை வேண்டும் என்று கேட்ட குடும்பத்தார் யாருக்கும் தீங்கு நினைத்தவர்கள் அல்லர். விற்றவரும் வாங்கியவரும் ஒருவருக்கொருவர் ஒன்றையும் மறைக்கவில்லை. அக்குவினாஸ் வகுத்த நிபந்தனைகள் அனைத்தும் நிறைவேறிய விற்பனை அது. ஆயினும் ஒப்பந்தத்தில் பெயரில்லாத மூன்றாமவர் ஒருவர் அதன் விலையைத் தம் மூச்சால் செலுத்தினார். குளக்கரையிலும் இவர் இருக்கிறார். வளைந்த விளிம்புக்காகக் கருங்கல்லையோ மணற்கல்லையோ அவ்விடத்திலேயே அறுப்பவர் அவர். அறுக்கும் வாளின்மேல் தண்ணீர் விழுந்தால் தூசி பெரிதும் அடங்கும். தண்ணீர் விட்டால் சேறாகிறது, வேலை தாமதமாகிறது. கல்லில் உள்ள கோட்டைப் பற்றிக் கடைக்காரரோடு ஒரு மணி நேரம் வாதிடும் வீட்டுக்காரர், தம் கொல்லையில் எழும் வெண்புகையைப் பற்றி ஒரு சொல் கேட்கிறாரா என்பதைக் கேட்டாக வேண்டும்.

நல்ல கொத்தனார்கள் சாந்து குழைக்குமுன் ஒரு வேலை செய்வார்கள். ஒரே அடுக்கிலிருந்து கல்லை வரிசையாக எடுக்காமல், வந்த அடுக்குகள் எல்லாவற்றையும் பிரித்துக் கலந்து, சாந்தின்றித் தரையில் வெறுமனே பரப்பி வைப்பார்கள். வீட்டார் அனைவரையும் அழைத்து அதன்மேல் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார்கள். பெருந்துளை உள்ளது பூச்செடித் தொட்டிக்கு அடியில் போகிறது. நிறம் தனித்து நிற்பது துண்டாக்கப்பட்டு மூலைகளுக்குப் போகிறது. ஈரக்கோடு நின்றது திருப்பி அனுப்பப்படுகிறது. ஓரம் மழுங்கிய, பிடிமானமுள்ள பலகைகளாகப் பார்த்து, குழந்தைகள் கையூன்றி ஏறும் படிக்கட்டு ஓரத்துக்கு முதலிலேயே எடுத்து வைத்துவிடுவார்கள். இதற்கு அரை நாள் பிடிக்கும். அந்த அரை நாளுக்குக் கூலி யார் தருவது என்பதைப் பெரும்பாலான ஒப்பந்தங்கள் எழுதுவதில்லை.